காறை எலும்பும் கைதட்டலும்



நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்தால் காபி ஆறிவிடும். சிலருக்குக் கோபமும் வரும், முக்கியமாக அஜித் ரசிகர்களுக்கு. கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் திட்டினால் மார்க் கிடையாது.

என் மகள் வயிற்றுப் பேரன், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், போன மாதம் மழை ஈரத்தில் வண்டி சறுக்கி விழுந்து இடது காறை எலும்பை உடைத்துக்கொண்டான். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. ஆபரேஷன் செய்து தட்டு வைத்துத் திருகு போட்டு அனுப்பினார்கள். "ஆறு வாரம் வண்டியைத் தொடக்கூடாது. அப்புறமும் எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்வேன்" என்றார் மருத்துவர். பன்னிரண்டாம் நாள் பேரன் என்னிடம் சாவி கேட்டான். சாவி என் பீரோவில் இருந்தது.

"அம்மிச்சி, லொரென்சோன்னு ஒருத்தரு. இதே காறை எலும்புதான். வியாழக்கிழமை உடைஞ்சுது, சனிக்கிழமை ரேஸ் ஓட்டினாரு. நான் காலேஜுக்குத்தான போறேன்?"

செல்போனை நீட்டினான். பார்த்தேன். உண்மைதான்.

அதே வாரம் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். "எங்க கம்பெனி குரூப்புல போட்டாங்ளுங்க டீச்சர்" என்று எழுதியிருந்தாள். அதில் அஜித் கார் சுவரில் மோதிச் சுற்றுகிறது. அடுத்த காட்சியில் கையில் தேசியக் கொடியோடு நிற்கிறார். பிறகு மோட்டார் பைக் வீரர்கள் விழுவது, எழுவது, கட்டோடு வண்டியில் ஏறுவது. பின்னணியில் தடதடவென்று ஒரு இசை. கீழே, வலியைப் பார்ப்பவன் தோற்பான் என்ற மாதிரி ஒரு வாசகம். அதற்கும் கீழே சூப்பர்வைசர் ஒருவர், "ஷிப்மெண்ட் டைம்ல இதை எல்லாரும் பாருங்க" என்று சேர்த்திருந்தார்.

அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

பந்தயம் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இடைநிலை ஆசிரியைக்கு டக்கார் எங்கே, மோட்டோ ஜிபி எங்கே என்பீர்கள். கை உடைந்த பேரனோடு ஒரு மாதம் உட்கார்ந்து பந்தயமாகப் பார்த்ததுதான் தகுதி. அவன் சொல்லச் சொல்லக் கேட்டேன். பிறகு அவன் சொல்லாமல் விட்டதைத் தேடிப் படித்தேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் பாதிக் கதைகளைக் கேட்டவளுக்கு, மீதிக் கதை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாதா?

முதலில் அஜித். 2025 ஜனவரி 7ஆம் தேதி, துபாயில் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கான பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. கடவுள் புண்ணியத்தில் பெரிய காயமில்லாமல் இறங்கி வந்தார். அந்த வாரக் கடைசியில் அவருடைய அணி 991 என்ற பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. வீடியோ இவ்வளவுதான் காட்டுகிறது. நடுவில் நடந்தது என்ன? பந்தயம் நீண்ட நேரம் நடப்பது, உடம்புதான் முக்கியம் என்று சொல்லி, பிரதான காரை அவர் ஓட்டப்போவதில்லை என்று அவருடைய அணியே அறிவித்தது. அவரும் விலகி நின்றார். வேறு பிரிவில், வேறு காரில், கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டினார். இத்தனைக்கும் அணியின் சொந்தக்காரரே அவர்தான். "நான் ஓட்டுவேன், யார் தடுப்பது?" என்று கேட்டிருந்தால் கேட்க ஆளில்லை. இளவயதில் பைக் பந்தயம் ஓட்டி, முதுகில் ஆபரேஷன் மேல் ஆபரேஷன் பார்த்த மனிதர் அவர். உடம்பின் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரசிகர்களே, உங்கள் தலைவர் அந்த வாரம் செய்ததில் மிகப் பெரிய காரியம் அந்தக் காரைவிட்டு இறங்கியதுதான். அதைத்தான் வீடியோவில் வெட்டிவிட்டார்கள்.

இனி லொரென்சோ, என் பேரனின் சாட்சி. ஹோர்ஹே லொரென்சோ, ஸ்பெயின் நாட்டுக்காரர். 2013 ஜூன் 27, நெதர்லாந்தில் அஸென் என்ற ஊர். பயிற்சியில் விழுந்து காறை எலும்பு உடைந்தது. அன்றிரவே விமானத்தில் பார்சிலோனா போய், விடிவதற்குள் டைட்டானியம் தட்டும் எட்டுத் திருகும் வைத்து, திரும்பி வந்து, 29ஆம் தேதி சனிக்கிழமை பந்தயம் ஓட்டி ஐந்தாவதாக வந்தார். வண்டியை நிறுத்தும்போது அந்த முகம் இருந்த கோலத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பொய் சொல்ல மாட்டேன், நானும் மனசுக்குள் கை தட்டினேன்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று பேரனைக் கேட்டேன். "அப்புறம் என்ன, ஹீரோதான்" என்றான்.

அப்புறம் இரண்டே வாரம். ஜெர்மனியில் ஸாக்ஸன்ரிங் என்ற இடத்தில் பயிற்சியில் மறுபடி விழுந்தார். அதே தோள். தட்டு வளைந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன். அந்தப் பந்தயம் போச்சு. அஸெனில் பல்லைக் கடித்து வாங்கியது 11 புள்ளி; ஸாக்ஸன்ரிங்கில் பூஜ்யம். வருடக் கடைசியில் உலகப் பட்டத்தை 4 புள்ளியில் விட்டார். அஸெனில் ஓட்டாமல் இருந்தால் பட்டம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் அஸென் வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஸாக்ஸன்ரிங்கைப் பார்த்திருப்பார்கள்? பேரன் பார்த்ததில்லை.

தட்டு வைத்தாயிற்றே, பிறகென்ன என்று நினைக்கிறோம். தட்டு எலும்பு ஆகாது. வீடு கட்டுகிறவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கான்கிரீட் போட்டால் கீழே சென்ட்ரிங் பலகையும் முட்டும் கொடுப்பார்கள் அல்லவா? அந்த மாதிரிதான் தட்டு. எலும்பு தானாக வளர்ந்து ஒட்டுகிற வரைக்கும் தாங்கிப் பிடிக்கிற முட்டு. கான்கிரீட் போட்ட மறுநாள் மாடியில் ஏறிக் கும்மி அடிப்பீர்களா? எலும்பு ஒட்டுவதற்கு முன்னால் மறுபடி மறுபடி பாரம் ஏற்றினால் தட்டு வளையும், உடையும், திருகு கழலும். வலி தெரியாமல் ஊசி போட்டுக்கொள்ளலாம். வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் பள்ளிக்கூடம் விட்டதாகிவிடுமா?

இதற்குப் பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்க உதாரணம் மார்க் மார்க்கெஸ். இவரும் ஸ்பெயின். பேரன் அறையில் இவருடைய 93ஆம் எண்தான் சுவரில் இருக்கிறது.

2020 ஜூலை 19, ஹெரெஸ் என்ற ஊரில் பந்தயம். நடுவில் பாதையை விட்டு விலகி, பின்னால் தள்ளப்பட்டு, மறுபடி ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வந்தார். இன்னும் சில சுற்றுகளே இருந்தபோது தூக்கி எறியப்பட்டார். வலது மேல்கை எலும்பு உடைந்தது. 21ஆம் தேதி ஆபரேஷன். 23ஆம் தேதி உடல்தகுதிச் சோதனை. மருத்துவர்கள் முன்னால் தண்டால் எடுத்துக் காட்டினார். தகுதி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். 25ஆம் தேதி வண்டியில் ஏறினார். முடியவில்லை, அன்றைக்கே இறங்கிவிட்டார். ஆகஸ்ட் 3ஆம் தேதி மறுபடி ஆபரேஷன், ஏனென்றால் தட்டு சேதமாகிவிட்டது. வீட்டில் ஜன்னலைத் திறந்தபோது அது முறிந்ததாகச் சொன்னார்கள். (ஜன்னல் மேல் பழி. வீட்டுப்பாட நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று சொன்ன பிள்ளைகளை எனக்கு நினைவு வந்தது. நீங்களும் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை.) டிசம்பரில் மூன்றாவது ஆபரேஷன், வேறு இடத்து எலும்பை எடுத்து வைத்து ஒட்டினார்கள், உள்ளே கிருமித் தொற்றும் இருந்தது. 2021 ஏப்ரலில்தான் பந்தயத்துக்குத் திரும்பினார். அப்போதும் கை சரியில்லை. 2022 ஜூனில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் நான்காவது ஆபரேஷன்.

நான்கு நாளை மிச்சப்படுத்தப் போய் வருடங்கள் போயின. 2019இல் உலகப் பட்டம் வாங்கியவர், அடுத்த பட்டத்தை வாங்கியது 2025 செப்டம்பர் 28, ஜப்பானில். ஹெரெஸில் அவ்வளவு சீக்கிரம் வண்டி ஏறியது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்தத் தண்டால்தான் எனக்கு உறுத்துகிறது. தேர்வு எழுதுகிறவனே வினாத்தாளும் தயாரித்த மாதிரி இருக்கிறது. ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள், ஓட்டியே தீர வேண்டும் என்று துடிக்கிற ஒருவனிடம் "எங்கே, தண்டால் எடு பார்ப்போம்" என்றால் எடுக்கத்தான் செய்வான். உயிரைக் கொடுத்தாவது எடுப்பான். அதனால்தானே அவன் உலகப் பட்டக்காரன்! தண்டால் எடுத்தது அவனுடைய ஆசையைக் காட்டியது. எலும்பைக் காட்டவில்லை. 157 கிலோவுக்குக் குறையாத வண்டி அது, 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போய் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முழுதும் கையில் வந்து இறங்கும். அதைத் தாங்குமா என்பதைத் தரையில் தண்டால் சொல்லுமா?

அடிபட்டவனைக் கேட்கக்கூடாது. இதுதான் என் கட்சி. "உன்னால் முடியுமா?" என்ற கேள்வியை அடிபட்டவனிடம் கேட்பது கருணை போலத் தெரியும், மரியாதை போலத் தெரியும். அது இரண்டுமில்லை. பொறுப்பை அவன் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவுகிற வேலை. ஓட்டுகிறவன், அவன் ஓடினால் லாபம் பார்க்கிறவன், அவன் ஓடுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கினவன் - இந்த மூன்று பேருக்கும் அந்த முடிவில் இடம் இருக்கக்கூடாது.

"அவங்க உடம்பு, அவங்க முடிவு, வயசு வந்தவங்கதான?" என்றான் பேரன். சரி. அந்தப் பாதையில் அவர் ஒருவர் மட்டும் ஓடவில்லையே? கூட இருபது பேர் ஓடுகிறார்கள். ஒரு கை பலமில்லாதவர் முன்னால் விழுந்தால் பின்னால் வருகிறவர் எங்கே போவார்? நம் அவினாசி ரோட்டிலும் அதே கணக்குதான். ஒற்றைக் கையில் பிரேக் பிடிக்கிறவன் தன் உடம்பை மட்டும் பணயம் வைக்கவில்லை.

அப்புறம் வயது வந்தவர்கள் என்கிறோம். 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி, சென்னைக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில், தேசியப் போட்டியில் விழுந்து இறந்த ஸ்ரேயாஸ் ஹரீஷுக்கு வயது 13. பெங்களூருப் பிள்ளை. எட்டாம் வகுப்பு வயது. அவன் காயத்தோடு ஓட்டியவன் அல்ல; அவனை இங்கே சொல்வது வேறு காரணத்துக்காக. 2021இல் ஒரே வருடத்தில் ஐரோப்பாவில் 14, 15, 19 வயதில் மூன்று பையன்கள் பந்தயத்தில் இறந்த பிறகு, உலகப் பட்டப் போட்டிகளுக்குக் குறைந்த வயது 18 என்று 2023 முதல் உயர்த்தினார்கள். அதாவது, பிள்ளையின் ஆசை மட்டும் போதாது, பெற்றவர் சம்மதமும் போதாது, வெளியிலிருந்து ஒரு கை குறுக்கே நீள வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். வயதுக்கு அப்படி ஒரு கோடு கிழிக்க முடிந்தால், உடைந்த எலும்புக்கு ஏன் முடியாது? இத்தனை வாரம் என்று தேதி போட்டு, எக்ஸ்ரே பார்த்து, அணிக்குச் சம்பந்தமே இல்லாத மருத்துவர் கையெழுத்துப் போடட்டும். தண்டால் எல்லாம் வேண்டாம்.

எதிர்க்கட்சியின் பெரிய சீட்டு மிக் டூஹன். பேரன் அதையும் இறக்கினான். ஆஸ்திரேலியர். 1992இல், அதே அஸெனில் வலது கால் உடைந்து, சிகிச்சை கெட்டு, காலையே எடுக்க வேண்டிய நிலை. க்ளாடியோ கோஸ்டா என்ற இத்தாலிய மருத்துவர் அவரைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய், ரத்த ஓட்டம் கிடைப்பதற்காக இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துக் காப்பாற்றினார். அந்த வருடமே திரும்பி வந்து ஓட்டினார் டூஹன். பட்டம் 4 புள்ளியில் போனது. பிறகு 1994 முதல் 1998 வரை ஐந்து வருடம் தொடர்ந்து உலகப் பட்டம்.

"இதுக்கு என்ன சொல்றீங்க அம்மிச்சி?"

சொல்கிறேன். வலது காலால் பின் பிரேக்கை மிதிக்க அவரால் முடியவில்லை. அதனால் இடது கைக் கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி ஒரு பிரேக்கை அவருக்காக வண்டியில் பொருத்தினார்கள். அவர் காலுக்குத் தக்கபடி வண்டியை மாற்றினார்கள்! இந்தக் கதையில் மனிதருடைய நெஞ்சுறுதி பாதி என்றால், அந்தக் கட்டை விரல் பிரேக் மீதி. நம் வீடியோக்காரர்கள் நெஞ்சுறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிரேக்கை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சூப்பர்வைசர் தன் கம்பெனியில் யாருடைய விரலுக்காக எந்த மெஷினை மாற்றியிருக்கிறார்?

வீடியோ அனுப்பிய மாணவிக்கு போன் செய்தேன். ஏன் அனுப்பினாள் என்று அப்போதுதான் தெரிந்தது. போன ஷிப்மெண்ட் நேரத்தில் அவள் விரலில் ஊசி ஏறிவிட்டது. நகத்தின் வழியாக உள்ளே போய் முனை முறிந்து நின்றதாம். எடுத்துக் கட்டுப் போட்டு, மூன்றாம் நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் முடிந்ததும் அவளை முன்னால் கூப்பிட்டு, கை தட்டி, ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்துப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் இந்த வீடியோ வந்திருக்கிறது.

"ஏன் கண்ணு அவ்வளவு அவசரமாப் போன?"

"நாலு நாளு லீவு போட்டா மெஷின்ல வேற ஆளு உக்காந்துக்குமுங்க டீச்சர். அப்புறம் நம்மளைக் கைமடியாத்தான் நிக்க வெப்பாங்க."

இதைக் கேட்ட பிறகு பந்தயக்காரர்களை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். அவர்களுக்கும் இதே பயம்தான். ஒரு சீட்டுக்குப் பின்னால் வரிசையாகப் பையன்கள் நிற்கிறார்கள். மூன்று பந்தயம் உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஏறுகிறவன் ஜெயித்துவிட்டால்? ஒப்பந்தம் புதுப்பிக்காவிட்டால்? வீரம் என்று நாம் கை தட்டுவதில் எவ்வளவு வீரம், எவ்வளவு இடம் போய்விடுமோ என்ற பயம் என்று யார் பிரித்துப் பார்த்தோம்? கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவனுக்கு அந்தப் பயம் இருந்தால், வாரக் கூலிக்காரிக்கு எவ்வளவு இருக்கும்?

வேலையில் அடிபட்டால், குணமாகித் திரும்புகிற வரை சராசரிக் கூலியில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. மூலம் தொழிலாளிக்கு வர வேண்டும். சட்டம் அப்படி. அதற்கு அவள் பெயர் பதிவில் இருக்க வேண்டும், விபத்தைக் கம்பெனி எழுதி அனுப்ப வேண்டும். டிபன் கேரியருக்குச் செலவு செய்தவர்கள் அந்தத் தாளை அனுப்பினார்களா என்று கேட்டேன். அவளுக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியவில்லை. என் மாணவர்களில் கம்பெனி வைத்திருப்பவர்கள் நாற்பது பேராவது இதைப் படிப்பீர்கள். காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டேன் டீச்சர் என்று சொல்லாதீர்கள். ஊசி காண்ட்ராக்டர் விரலில் ஏறவில்லை.

திரும்பி வருவதே தப்பு என்று சொல்கிறவள் அல்ல நான். வரவேண்டிய காலத்தில் வந்தவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் ரயில் ஏறினால் பாலக்காடு தாண்டி சொர்ணூர் வரும். அந்த ஊர்ப் பையன் ஹரித் நோவா. ஓசூர்க்காரர்கள் டிவிஎஸ் கூட்டாக நடத்திய அணிக்கு ஓட்டியவர். 2023 டக்கார் பாலைவனப் பந்தயத்தில், தொடக்கத்திலேயே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த வருடம் முழுசாகக் குணமாகிப் போய், 2024இல் ராலி 2 பிரிவில் முதலிடம், மொத்தத்தில் 11ஆம் இடம். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர். 2025இல் மறுபடி போனார், முன்னோட்டச் சுற்றிலேயே விழுந்து மணிக்கட்டு உடைந்தது, விலகிவிட்டார். பட்டம் வென்றவர்தானே, கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கலாமே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018இல் ஸ்பெயினில் விழுந்து கணையத்தில் காயம்பட்டவர். 2019இல் உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். இந்த இரண்டு பேருடைய வீடியோவை எந்தக் கம்பெனி குரூப்பிலும் காணோம். குணமாவதைப் படம் எடுக்க முடியாது என்பதால் இருக்கும். படுக்கையில் கிடப்பது, பிஸியோதெரபிக்கு நடப்பது, மறுபடி எக்ஸ்ரே எடுப்பது - இதற்கெல்லாம் பின்னணி இசை போட்டால் யார் பார்ப்பார்கள்?

தலைக் காயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், இது பெற்றோருக்கு. எலும்பு உடைந்தால் எக்ஸ்ரேயில் கோடு தெரியும். தலை குலுங்கினால் பல நேரம் எதுவும் தெரியாது. "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஒரு கண நேரம் தாமதம் விழுந்திருக்கும். சி.எஸ். சந்தோஷ், டக்காரை முடித்த முதல் இந்தியர், 2021 ஜனவரியில் விழுந்தபோது அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த காயம். தெரியாத காயத்தோடு "ஒண்ணுமில்லம்மா" என்று வண்டி எடுக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

மார்க்கெஸுக்கே திரும்ப வருகிறேன். பட்டம் வென்ற அடுத்த வாரமே, 2025 அக்டோபர் 5, இந்தோனேசியாவில் இன்னொருவர் பின்னால் வந்து இடித்து விழுந்தார். மறுபடி வலது பக்கம், தோளும் காறை எலும்பும். இந்த முறை தண்டால் இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டு மீதிப் பந்தயங்களுக்கு வரவேயில்லை. பட்டம் கையில் இருந்தது, இழக்க ஒன்றுமில்லை என்பீர்கள். இருக்கலாம். நான்கு ஆபரேஷன் கற்றுக்கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது என் பங்கு. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் எட்டாம் வகுப்பு வகுப்பாசிரியை. பள்ளிகளுக்கு இடையே கபடிப் போட்டி. எங்கள் அணியில் ஒரு பையன், அப்பா விசைத்தறிக்குப் போகிறவர், நல்ல ரெய்டர். காலையில் பயிற்சியில் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. பி.டி. சார் வேண்டாம் என்றார். நான்தான் ஐஸ் வைத்து, துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, "உன்னால முடியுமாடா?" என்று கேட்டேன். பதின்மூன்று வயசுப் பிள்ளை, டீச்சர் கேட்கிறேன், முடியாது என்றா சொல்வான்? "முடியுங்க டீச்சர்" என்றான். ஆடினான். ஜெயித்தோம். திங்கட்கிழமை பிரேயரில் அவனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். மன உறுதி, விடாமுயற்சி என்று அத்தனை வார்த்தையும் போட்டு. கேட்க அவன் அங்கே இல்லை. வீட்டில் கிடந்தான். எலும்பில் விரிசல் இருந்திருக்கிறது, ஆடியதில் விலகிவிட்டது. ஒன்றரை மாதம் பள்ளிக்கு வரவில்லை. பிரேயரில் நான் பேசியதைக் கூட்டாளிகள்தான் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவனைப் பார்த்தேன். இப்போது கட்டிங் மாஸ்டர். பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றிக் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நாள் முழுக்கக் கட்டிங் டேபிளில் நிற்க வேண்டிய வேலை, சாயங்காலமானால் வீங்கிவிடுமாம். நான் தயங்கித் தயங்கி அந்தக் கபடியை எடுத்தேன். அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க அன்னிக்குப் பிரேயர்ல என்னையப் பத்திப் பேசுனதுங்க டீச்சர், இன்னும் எம்பட பையன்கிட்டச் சொல்லீட்டுத்தான் இருக்கறேன்" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பி, இந்தப் பதிவு உனக்கும் வரும். உன் பையனிடம் அந்தக் கதையைச் சொல்லும்போது கணுக்காலையும் சேர்த்துச் சொல். அன்றைக்குச் சரியாகச் சொன்னவர் பி.டி. சார். அவரைப் பற்றி நான் எந்தப் பிரேயரிலும் பேசியதில்லை.

பேரனுக்கு எக்ஸ்ரே வருகிற வியாழக்கிழமை. இதை அவனிடம் படித்துக் காட்டினேன். லொரென்சோவைப் பற்றி எழுதியதில் தேதியெல்லாம் சரி என்றான். பிறகு பீரோவைப் பார்த்தான். அவனுக்காகச் சிபாரிசு செய்ய நினைக்கிற மாமன்மார், சித்திமார் யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம். நான் எடுக்க மாட்டேன்.